மாப்ள கழட்டுன கிளிப்பு

கிளிப்பு இல்லீங்க. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, எடுத்துத் தர்றேன். கிளிப்பு மட்டும் இல்ல.

உக்காருங்க, உக்காருங்க. கோவிச்சுக்கிட்டுப் போயிராதீங்க. உங்க வண்டிக்குக் கால்மிதி மேட்டு வெட்டி முடிக்க எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். எங்க பொங்கியண்ணன் பதினெட்டு வருஷமா என்கிட்ட ஃபிட்டரா இருக்கறாரு. கை சுத்தம், ஆனா வேகம்னா என்னன்னு அவருக்குத் தெரியாது. அதுக்குள்ள ஒரு டீ குடிங்க. ஏன் கிளிப்பு விக்கறதில்லைன்னு நானே சொல்லிர்றேன். இந்தப் பெருந்துறை ரோட்டுல ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க. ‘சென்னியப்பன் மாப்பிள்ளைக்குப் பயந்துக்கிட்டாரு’ன்னு பேசறாங்க. நானுங்களா? மாப்பிள்ளைக்கா? சக்கரை போதுமுங்களா?

கிளிப்புன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுதான கேட்டீங்க. சீட் பெல்ட்டு நுனியில இரும்புல ஒரு நாக்கு இருக்கும். அதைப் பக்கத்துல இருக்கற பூட்டுல சொருகுனா ‘டிக்’னு மாட்டிக்கும். மாட்டாம வண்டி எடுத்தா ‘டிங் டிங் டிங்’னு கத்திட்டே வரும். அந்த நாக்கை மட்டும் தனியாச் செஞ்சு விக்கறதுதான் கிளிப்பு. சொருகிட்டா வண்டி வாயை மூடிக்கும். நாம பெல்ட்டு போட்டுட்டோம்னு அது நெனைச்சுக்கும், நாம பாட்டுக்குச் சட்டை கசங்காமப் போலாம். நல்ல ஐட்டமுங்க. இருபத்திரெண்டு வருஷமாக் காருக்கு அலங்காரச் சாமான் விக்கறேன், இது மாதிரி ஓடுன சரக்கு வேற இல்ல. அதைப் போயி நிறுத்திட்டேன்னா காரணம் இருக்கோணுமா இல்லையா?

எல்லாம் என்ற மக கல்யாணத்துல ஆரம்பிச்சுது.

மக பேரு கோகிலவாணி. ஒரே மக. மாப்ள பேரு தீனதயாளன், ஊரு காங்கயம், வேலை மெட்ராஸ்ல. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, மாப்ளைக்கு என்ன வேலைங்கன்னு கேட்டேன். கார்ல வர்ற சீட் பெல்ட்டு, ஏர்பேக்கு இதையெல்லாம் சோதனை பண்ற கம்பெனியில இஞ்சினியருன்னாங்க. சோதனைன்னா எப்படீங்கன்னேன். மாப்ளயே சொன்னாரு, “ஆள் மாதிரியே பொம்மை இருக்குதுங்க மாமா. அதைக் கார்ல உக்கார வெச்சு, காரைக் கொண்டு போயிச் செவுத்துல மோதுவோம். அப்பறம் பொம்மைக்கு எங்கெங்க அடின்னு பாப்போம்.”

நான் சம்சாரத்தைப் பாத்தேன். சம்சாரம் என்னையப் பாத்தா. பதினாறு பதினேழு வருஷம் படிச்சுப்போட்டு, புதுக் காரைச் செவுத்துல மோதறதுக்குச் சம்பளமுங்களாமா! ஆனா பையன் நல்ல பையன், பேச்சு மரியாதையா இருந்துது. சொந்தக்காரங்ககிட்ட, கார் கம்பெனியில பெரிய இஞ்சினியருன்னு சொல்லி வெச்சேன். செவுத்துச் சமாச்சாரத்தைச் சொல்லல.

வைகாசியில கல்யாணம். ஆடி நோம்பிக்கு ரெண்டு பேரையும் ஊட்டுக்கு அழைச்சிருந்தோம். மாப்ள அப்பத்தான் புதுக் கார் வாங்கி, அதுலயே வந்து எறங்குனாரு. வெள்ளைக் கார். நான் உள்ள எட்டிப் பாத்தேன். ஒண்ணுமே இல்லீங்க. கம்பெனியில குடுத்தது குடுத்தபடி மொட்டையா இருக்குது. எனக்கு மானம் போயிருச்சு. யாரு மாப்ள? சென்னியப்பன் மாப்ள! அவரு வண்டி இப்படி நிக்கலாமா?

சாப்புட்டு முடிச்சு, மகளும் மாப்ளையும் சம்சாரமும் ஆட்டோவுல கோயிலுக்குக் கெளம்புனாங்க. கார்ச் சாவி டேபிள் மேல கெடந்துது. நான் யாருகிட்டயும் சொல்லல, வண்டியை எடுத்துட்டுக் கடைக்கு வந்துட்டேன். நோம்பியும் அதுவுமா பொங்கியண்ணனை ஊட்டுல இருந்து கூட்டிட்டு வந்தேன். மூணு மணி நேரம். முன்னாடிக்கு நல்ல கனமான இரும்புக் கம்பி பம்பர். சீட்டுக்கு மெரூன் கலர்ல, தங்க நூல் போட்டுத் தைச்ச கவர். டேஷ்போர்டுல இடது பக்கம் நல்லாச் சமமா ஒரு எடம் இருந்துது, ஏர்பேக்னு எழுத்துக் கூடப் பொறிச்சிருந்துது, அங்க பசை வெச்சு ஒரு பித்தளைப் பிள்ளையாரு. சின்னது இல்லீங்க, கையில எடுத்தாக் கனக்கும், அந்த மாதிரி. கடைசியா ரெண்டு சீட்டுக்கும் ரெண்டு கிளிப்பு. வண்டி ஊட்டு வாசல்ல வந்து நின்னப்பத் தேரு நிக்கற மாதிரி இருந்துது. பங்காளிங்க, மச்சான் அப்புக்குட்டி எல்லாரும் சுத்தி நின்னு பாக்கறாங்க.

கோயில்ல இருந்து வந்தாரு மாப்ள. வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. மூஞ்சியில ஒண்ணும் தெரியல.

“ரொம்பச் சிரமப்பட்டிருக்கீங்க மாமா.”

“அட, இதுல என்னங்க மாப்ள.”

“பன்னெண்டாம் நம்பர் ஸ்பானர் இருக்குதுங்களா?”

எதையோ இன்னும் இறுக்கறதுக்குத்தான் கேக்கறாருன்னு நெனைச்சு, நானே ஓடிப் போயி எடுத்துட்டு வந்து குடுத்தேன். நானே எடுத்துட்டு வந்து குடுத்தேனுங்க.

அவரு சட்டைக் கையை மடிச்சு உட்டுட்டுக் கம்பியைக் கழட்ட ஆரம்பிச்சாரு. ஒவ்வொண்ணாக் கழட்டுனாரு. கழட்டிக்கிட்டே பாடம் வேற. “மோதுனா முன்பக்கம் நசுங்கோணும் மாமா. அது நசுங்கற அளவுக்கு நமக்கு அடி குறையும். வண்டி எப்படி நிக்குதுன்னு பாத்து, பையை ஊதச் சொல்லி உத்தரவு குடுக்கற கருவி ஒண்ணு உள்ள இருக்குது. இந்தக் கம்பி குறுக்க இருந்தா அது கொழம்பிரும்.” சீட் கவரைப் பிரிச்சாரு. “சீட்டு ஓரத்துக்குள்ள ஒரு பை மடிச்சு வெச்சிருக்குது. இத்தனை தையல் போட்டு மூடுனா அது எப்படி வெளிய வரும்?” அப்பறம் பிள்ளையாரைப் பக்குவமா ஆட்டி ஆட்டி எடுத்தாரு. “இந்த மூடி தெறந்துதான் பை வருதுங்க. இது மேல சாமியை உக்கார வெச்சா, சாமி நேரா உங்க மக மூஞ்சிக்கு வந்துரும்.”

எனக்குச் சுருக்குனு இருந்துது. சாமியைப் பத்தி அப்படிப் பேசலாமுங்களா? கிளிப்பு ரெண்டையும் பாடம் எதுவும் சொல்லாம உருவி, பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. மச்சான் அப்புக்குட்டி இருக்கறானே, அவனுக்கு வாய் சும்மா இருக்காது. “ஏஞ் சென்னியப்பா, உங்க கடைச் சாமான் மாப்ளைக்குப் புடிக்கலையாட்ட இருக்குது?”ன்னான். பத்துப் பேரு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?

அதுகூடப் பரவால்லீங்க. என்ற சம்சாரம் சம்பூர்ணம் என்ன பண்ணுனா தெரியுங்களா? “ஏனுங் மாப்ள, இந்த ஒரு வார்ப்பட்டை அப்படி என்ன பண்ணிரும்?”னு கேட்டா. கேட்டதுதான் தப்பு. “அத்தை, இப்படி வந்து உக்காருங்க”ன்னு முன்சீட்டுல உக்கார வெச்சுட்டாரு. பெல்ட்டைக் கையில குடுத்து மெதுவா இழுக்கச் சொன்னாரு. வந்துது. வெடுக்குன்னு இழுக்கச் சொன்னாரு. கப்புன்னு நின்னுக்கிச்சு. உள்ள ஒரு உருளை இருக்குதாமா. நாம சும்மா குனியறதுக்கும் நிமிர்றதுக்கும் உட்டுக் குடுக்குமாமா, திடீர்னு இழுபட்டாப் புடிச்சுக்குமாமா. மோதுற நேரத்துல இன்னொரு சங்கதி, அதுவாத் தளர்ச்சியெல்லாம் உள்ள இழுத்து நம்மளைச் சீட்டோட ஒட்ட வெச்சுருமாமா.

சம்பூர்ணம் பத்துத் தடவை இழுத்துப் பாத்தா. அம்பத்தி மூணு வயசு. மெதுவா இழுக்கறா, வெடுக்குன்னு இழுக்கறா, சிரிக்கறா. “ஏனுங்க, இங்க பாருங்களேன். தன்மையாக் கேட்டாக் குடுக்குது, வெடுக்குன்னு கேட்டாக் குடுக்க மாட்டீங்குது. என்னையாட்டமே இருக்குதுங்க!”

முப்பத்தொரு வருஷமா என் வண்டியில வர்றா. நான் கார்ச் சாமான் கடைக்காரன். என்கிட்ட ஒரு நாளாவது இதெல்லாம் கேட்டிருப்பாளா? நேத்து வந்த மாப்ள சொன்னா வேதம்.

அன்னைக்கிருந்து எங்க கார்லயும் அவ ராஜ்ஜியம்தான். அவ பக்கத்துக் கிளிப்பைப் புடுங்கி எறிஞ்சுட்டா. டேஷ்போர்டுல பத்து வருஷமா உக்காந்திருந்த எங்க பிள்ளையாரைப் பூஜை ரூமுக்கு மாத்திட்டா. ஏறி உக்காந்ததும் ‘டிக்’னு மாட்டிக்குவா, மாட்டிட்டு என்னையப் பாப்பா. “நீங்களும் போடுங்க.” “நான் ஓட்டறவன். ஸ்டீயரிங் என் கையில இருக்குது. என்னமோ ஒண்ணுன்னா அதையப் புடிச்சுக்குவேன்.” ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு. என்ற பக்கத்துக் கிளிப்பை மட்டும் நான் தொட உடல. ஊட்டுல ஒருத்தனாவது நெலையா இருக்கோணுமில்லீங்க?

தை மாசம் கோபியில ஒரு புதுமனை புகுவிழா. காலையில பத்து மணி இருக்கும். கவுந்தப்பாடி தாண்டுனதும் கரும்பு ஏத்துன டிராக்டர் ஒண்ணு முன்னால போயிட்டிருந்துது. சம்பூர்ணம் அங்க என்ன மொய் வெக்கறது, யாருகிட்டப் பேசறது, யாருகிட்டப் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டே வந்தா. டிராக்டர்காரன் கை காட்டல, லைட்டுப் போடல, பட்டுன்னு நிறுத்திட்டான். நான் பிரேக்கை அமுக்குனேன். அமுக்குனேனுங்க, பொய் சொல்லல. ஆனா கரும்பு பக்கத்துல வந்துருச்சு.

ஒரு சத்தம். தீவாளிக்கு வாணவெடி வைப்பாங்களே, அதைக் காதுக்குள்ள வெச்ச மாதிரி. அதோட என்னை யாரோ அறைஞ்சாங்க. சத்தியமாச் சொல்றேன், எங்கப்பன் என்னை அறைஞ்சதில்ல, வாத்தியாரு அறைஞ்சதில்ல. அம்பத்தெட்டு வயசுல ஒரு துணிப் பை என்னை அறைஞ்சுது. முன்னால ரெண்டு பல்லு, மூக்கெலும்பு, நெஞ்சுல ரெண்டு எலும்பு. கண்ணாடி போன எடம் தெரியல. ஸ்டீயரிங்கைப் புடிச்சுக்குவேன்னு சொன்னனே, அந்தக் கை ரெண்டும் எங்க போச்சுன்னே எனக்குத் தெரியலைங்க.

வண்டிக்குள்ள ஒரே பொகை. தீஞ்ச வாசம், வெள்ளை வெள்ளையாத் தூளு. அது அந்தப் பை ஒட்டிக்காம இருக்கப் போட்டு மடிக்கற பவுடராமா, எனக்கென்ன தெரியும், வண்டி தீப்புடிச்சிருச்சுன்னு நெனைச்சேன். கண்ணு தொறக்க முடியல. அவ பக்கத்துக் கதவு தெறக்கற சத்தம் மட்டும் கேட்டுது. நடந்து வர்றா. நடந்து வர்றாங்க! என் பக்கத்துக் கதவை இழு இழுன்னு இழுக்கறா. மாவு மில்லுல இருந்து வந்தவளாட்டம் தலையெல்லாம் வெள்ளை. என்ற மூஞ்சியை ரெண்டு கையிலயும் தாங்கிக்கிட்டு ஒரு சத்தம் போட்டா பாருங்க:

“சென்னியப்பா! டேய் சென்னியப்பா! கண்ணைத் தொறடா!”

முப்பத்தொரு வருஷத்துல அவ என் பேரைச் சொன்னதில்ல. ரேசன் கார்டுக்காரன் கேட்டாக்கூட மகளைச் சொல்லச் சொல்லுவா. அன்னைக்கு ரோட்டுல, கரும்பு வண்டிக்காரன், பஸ்ஸுல போறவன் எல்லாரும் கேக்க, டேய் போட்டுக் கூப்பிட்டா. இன்னை வரைக்கும் நான் அதை அவகிட்டக் கேக்கல. கேட்டா இல்லவே இல்லீம்பா. கேக்காம இருந்தாலாவது கூப்பிட்டது கூப்பிட்டபடி இருக்கும்.

அவளுக்கு ஒண்ணும் ஆகலீங்க. தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் குறுக்கால ஒரு கோடு, கன்னிப் போயி ஊதா நெறத்துல. டாக்டரம்மா அதைப் பாத்துட்டு “இந்தக் கோட்டுக்கு ஒரு கும்புடு போடுங்க”ன்னாங்க. ரெண்டு வாரம் வர்ற போற பொம்பளைங்ககிட்டயெல்லாம் அந்தக் கோட்டைக் காட்டிட்டிருந்தா, நகை வாங்குன மாதிரி. எனக்கு அவ்வளவு அடி, என்னைக் கேக்கறதுக்கு ஆளில்ல.

மெட்ராஸ்ல இருந்து மகளும் மாப்ளையும் சாயங்காலமே வந்துட்டாங்க. மக அழுதுட்டே வந்தா. அப்ப அவ முழுகாம இருந்தா, ரெண்டு மாசம். மாப்ள வந்து பாத்தாரு, போயிட்டாரு. மறுநாள் காலையில வந்தாரு. எங்க போனாருன்னா, போலீஸ் ஸ்டேசன்ல நிறுத்தியிருந்த வண்டியைப் போயிப் பாத்துட்டு வந்திருக்காரு. சரி, இப்ப ஆரம்பிப்பாருன்னு நான் காத்துட்டிருந்தேன். ஆரம்பிக்கல. இளநியை வெட்டி வாங்கிட்டு வந்து ஸ்ட்ராப் போட்டுக் குடுத்தாரு. எனக்குத்தான் பொறுக்கல.

“உங்க பை என்ற பல்லை ஒடைச்சிருச்சுங்க மாப்ள.”

“ஆமாங்க மாமா.”

“காப்பாத்தறதுக்குன்னு வெச்சதுதான அது?”

அவரு நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டாரு. “நாம கண்ணை மூடித் தொறக்கற நேரத்துல அந்தப் பை மூணு தடவை ஊதி முடிச்சிரும் மாமா. அத்தனை வேகம். மோதுனதும் மொதல்ல பெல்ட்டு ஆளை இழுத்துப் புடிக்கும். புடிச்சு நிறுத்தி வெச்ச ஆளுக்காகத்தான் பை வருது. அது ஊதி முடிஞ்சு, பின்னால இருக்கற ஓட்டை வழியாக் காத்து எறங்க ஆரம்பிக்கறப்ப, நீங்க போயித் தலகாணியில சாயற மாதிரி சாயோணும். நீங்க அது ஊதிட்டு வர்றப்பவே எதுக்கப் போயிட்டீங்க.”

“நான் பெல்ட்டுப் போடலைன்னு அதுக்குத் தெரியாதுங்களா? இத்தனை கருவி வெச்சிருக்கறீங்க?”

“தெரிஞ்சிருக்கும், ஆனா கிளிப்பு சொருகியிருந்துது. நீங்க போட்டிருக்கறதா நம்பிருச்சு.” காலி இளநியை வாங்கிக் கீழ வெச்சுட்டு, “வண்டியைப் பாத்தேன் மாமா. உங்க பக்கத்துப் பெல்ட்டு, ஆளில்லாமத் தொங்கிட்டிருந்தது, அதுவும் அதும்பங்குக்கு இழுத்துப் புடிச்சிருக்குது. கதவோரத்துத் தூணோட வெறைச்சுப் போயி நிக்குது. கையில இழுத்தேன், வரல”ன்னாரு.

அதைக் கேட்டு எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. யாரும் இல்லாத எடத்தை அது இறுக்கிப் புடிச்சிட்டு நிக்கறதை நெனைச்சா... மாத்திரை வேலையா இருக்கும். அந்த ஆஸ்பத்திரியில வலிக்குக் குடுத்த மாத்திரை அப்படி.

பேச்சை மாத்தலாம்னு, “என்னவோ பிள்ளையாரு புண்ணியத்துல உசுரோட இருக்கறோம்”னேன். “ஆமாங்க மாமா. பூஜை ரூம்ல இருந்துட்டே அத்தையைக் காப்பாத்திட்டாரு”ன்னாரு. பக்தியுள்ள பையந்தான், நான்தான் தப்பா நெனைச்சிருந்தேன்.

நாலாவது நாள் ஞானப்பிரகாசம் சாரு பாக்க வந்தாரு. மின்வாரியத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு, பழைய கஸ்டமரு. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தாரு. நல்ல மனுசன். சும்மா இருக்காம, “சென்னியப்பன், உங்ககிட்ட வாங்குன கிளிப்பு அருமைங்க. நான் மூணு வாங்குனனே, ஒண்ணை எம் மகளுக்குக் குடுத்தேன். வாராவாரம் ரெண்டு கொழந்தைகளையும் கூட்டிட்டுப் பெங்களூர்ல இருந்து அவளே ஓட்டிட்டு வர்றா. அந்தச் சத்தம் இல்லாம இப்ப நிம்மதியா வர்றேங்கறா”ன்னாரு.

காலையில தின்ன ஆஸ்பத்திரி இட்லி எனக்கு ஒத்துக்கல. அவரு பாட்டுக்குப் பேசிட்டே இருக்கறாரு, அந்தப் புள்ளைகளை நான் பாத்ததுகூட இல்ல, ஆனா ரெண்டும் கண்ணுக்கு முன்னால வந்து நிக்குது. என்ன பண்றது? “சார், அந்தத் தடவை வந்த சரக்குல ஒரு கோளாறுங்க. பேட்டரியை உறிஞ்சிருது. நடு ரோட்டுல வண்டி நின்னு போயிரும். இப்பவே மகளுக்குப் போன் போட்டுக் கழட்டி வீசச் சொல்லுங்க”ன்னேன். பல்லு இல்லாத வாயில சொன்னது அவருக்கு மொதல்ல புரியல. மறுக்காச் சொன்னேன். அங்கயே, என் கண்ணு முன்னால அவரு போன் போட்டுச் சொன்னாரு. அப்பறம்தான் எனக்கு அந்த இட்லி செரிச்சுது.

டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் அதே வேலைதான். யார் யாரு நம்பரு இருந்துதோ அத்தனை பேத்துக்கும் போன். பேட்டரியை உறிஞ்சுது, கொண்டு வந்து குடுத்துட்டு ஒரு வாசனைப் புட்டி சும்மா வாங்கிட்டுப் போங்கன்னேன். பொங்கியண்ணன் என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு. “ஏனுங்க, ஒரு இரும்புத் துண்டு எப்படிங்க பேட்டரியை உறிஞ்சும்?”னாரு. ஃபிட்டருக்கு என்ன தெரியும்? உள்ள என்னென்ன கருவி இருக்குதுன்னு அவரு பாத்தாரா? வந்த கிளிப்பையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சு.

அதனாலதான் கிளிப்பு இல்லைங்கறேன். பேட்டரிப் பிரச்சனை. மாப்ளைக்குப் பயந்தெல்லாம் இல்ல. இன்னொரு டீ?

மாப்ளையைப் பத்தி இன்னும் ஒண்ணு சொல்லோணும். படிச்சவரு, கெட்டிக்காரரு, எல்லாம் சரி. ஆனா உலக அனுபவம் கம்மிங்க. ரொம்ப வெகுளி.

ஆனி மாசம், மகளுக்கு ஏழு மாசம். கட்டுச்சோறு கட்டி எடுத்துட்டுப் போயி, காங்கயத்துல சம்பந்தி ஊட்டுல விருந்து வெச்சு, வளையல் போட்டு, பொண்ணைப் பிரசவத்துக்கு நம்ம ஊட்டுக்குக் கூட்டிட்டு வரோணும். ஆடி பொறக்கறதுக்குள்ள பண்ணிரோணும்னு நாள் குறிச்சாச்சு. நம்ம கார்லதான். பட்டறையில ரெண்டு மாசம் கெடந்து, பை, பெல்ட்டு எல்லாம் புதுசா மாத்தி வந்திருந்துது. ஒருக்கா வெடிச்ச பையை மறுக்கா மடிச்சு வெக்க முடியாதுங்க, பெல்ட்டும் அப்படித்தான், மாத்தோணும்.

ஒரு வாரத்துக்கு முன்னால என்ற தங்கச்சி வந்தா. “புள்ளைத்தாச்சிக்குப் பெல்ட்டெல்லாம் மாட்டி உட்ராதீங்க. வயித்தை அமுக்கும். கொழந்தைக்கு ஆகாது”ன்னா. பக்கத்து ஊட்டுக்காரம்மாவும் அதையே சொன்னாங்க. சம்பூர்ணத்தைப் பாத்தேன். எதுக்கெடுத்தாலும் மாப்ள சொன்னாரு மாப்ள சொன்னாருங்கறவ, அவளும் கையைப் பெசையறா. “அமுக்குமுங்களா? அவருகிட்டயே கேட்டுருங்களேன்.”

எந்த மூஞ்சியை வெச்சுட்டுக் கேக்கறது? அன்னைக்கு அத்தனை சாமானையும் கழட்டி அடுக்குனவருகிட்ட, ‘மாப்ள, பெல்ட்டு எப்படிங்க போடறது’ன்னு போயி நிக்கறதா? ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாம் நாள் கடையில யாரும் இல்லாத நேரம் பாத்துப் போன் போட்டேன்.

“மாப்ள, நல்லா இருக்கறீங்களா? ஒண்ணுமில்ல, கடைக்கு ஒரு கஸ்டமரு வந்தாரு. அவரு ஒரு சந்தேகம் கேக்கறாரு.”

“சொல்லுங்க மாமா.”

“அவரு மக முழுகாம இருக்குதாமா. கார்ல கூட்டிட்டுப் போகோணுமாமா. பெல்ட்டுப் போடலாமா கூடாதான்னு கேக்கறாரு.”

அவரு ஒருக்காத் தொண்டையைச் செருமுனாரு. ஏசி ஒத்துக்கலையாட்ட இருக்குது.

“எத்தனை மாசமுங்க மாமா, அந்தக் கஸ்டமர் மகளுக்கு?”

“ஏழு.”

“நம்ம கோகிலா மாதிரியே.”

“ஆமாங்க மாப்ள. ஒரு ஒத்துமைதான்.”

“சரிங்க மாமா. கண்டிப்பாப் போடோணும்னு அந்தக் கஸ்டமர்கிட்டச் சொல்லுங்க. ஆனாப் போடற விதம் இருக்குது. கீழ்ப்பட்டை வயித்து மேல வரவே கூடாது. வயித்துக்கு அடியில, இடுப்பெலும்பு மேல, தொடையை ஒட்டிப் படியோணும். மேல்பட்டை மார்புக்கு நடுவுல எறங்கி, வயித்துக்குப் பக்கவாட்டுல போகோணும். கக்கத்துக்கு அடியில உடக்கூடாது, முதுகுக்குப் பின்னாலயும் தள்ளக்கூடாது. புடவை கொசுவம் மொத்தமா இருந்தா ஒதுக்கி உட்டுட்டு இறுக்கமா மாட்டோணும். எழுதிக்கறீங்களா?”

“எழுதிட்டுத்தான் இருக்கறேன். அதாவது... கஸ்டமரு எழுதிட்டிருக்காரு.”

“பின்சீட்டுல உக்காந்தாலும் போடோணும் மாமா. அப்பறம் அந்தக் கஸ்டமரு எப்படி ஓட்டுவாரு, வேகமா ஓட்டுவாரா?”

“முன்னெல்லாம் வேகமா ஓட்டுவாரு. இப்ப இல்ல.”

“சந்தோஷம். அவருக்கும் பெல்ட்டுப் போட்டுக்கச் சொல்லுங்க மாமா. அந்தப் புள்ளைக்கு அப்பா வேணுமில்லீங்களா?”

“சொல்லிர்றேன்”னேன். எழுதுன சீட்டை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். கல்லாவுல வெச்சாத் தொலைஞ்சு போயிருமில்லீங்க.

விருந்தன்னைக்குக் கெளம்பற நேரம். மக ரெண்டு கை நெறைய வளையலோட வந்து பின்சீட்டுல உக்காந்தா. மாப்ள அவசரமா வந்து கதவுக்குள்ள கையை நீட்டுனாரு. “இருங்க மாப்ள”ன்னு நான் ஒதுக்கி உட்டுட்டு, கீழ மண்டி போட்டேன். வேட்டி மண்ணுல. சம்பந்தி ஊட்டு சனமெல்லாம் நிக்குது. கீழ்ப்பட்டையை வயித்துக்கு அடியில கொண்டு போயி, கொசுவத்தை ஒதுக்கி, இடுப்பெலும்பு மேல படிய வெச்சேன். மேல்பட்டையை ஓரமா எறக்குனேன். ‘டிக்’. மக என்னையவே பாத்துட்டிருந்தா. “அப்பா, நீங்களா?”ன்னா. “வளையல் சிக்கிக்கும், கையைத் தூக்கு சாமி”ன்னேன். அவ புறங்கையில கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. ஏழாம் மாசத்துல பொம்பளைப் புள்ளைங்களுக்குக் காரணமில்லாம அழுகை வரும்.

மாப்ள நீட்டுன கையை மடக்கிக்கிட்டு அப்படியே நின்னுட்டிருந்தாரு. பாவம், கம்பெனியில பொம்மைக்குத்தான மாட்டிப் பழக்கம்? உசுருள்ள மனுசிக்கு எப்படி மாட்டறதுன்னு அன்னைக்கு என்னையப் பாத்துத்தான் தெரிஞ்சிருப்பாரு.

நானும் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டுனேன். காங்கயத்துல இருந்து ஈரோடு வரைக்கும் நாப்பதுல வந்தேன். மொபெட்டுல ஒரு கீரைக்காரம்மா என்னைய முந்திட்டுப் போனாங்க. சம்பூர்ணம் பின்னால இருந்து “இன்னுங் கொஞ்சம் மெதுவாப் போனா நாம நடந்தே போயிரலாமுங்க”ன்னா. ஊட்டு வாசல்ல வண்டியை நிறுத்தி இன்னும் எறங்கக்கூட இல்ல, மாப்ள போன்.

“மாமா, அந்தக் கஸ்டமரு பத்திரமா ஊடு போய்ச் சேந்துட்டாருங்களா?”

“சேந்துட்டாருங்க மாப்ள. இப்பத்தான் சொன்னாரு.”

அவருக்கு வேலை இருக்குது, பொண்டாட்டி பிரசவம் இருக்குது, அத்தனைக்கு நடுவுல யாரோ முன்னபின்ன தெரியாத கஸ்டமரை நெனைப்புல வெச்சுக் கேக்கறாரு பாருங்க. அன்னைக்கு மட்டுமில்ல. ஆடியில கேட்டாரு, ஆவணியில கேட்டாரு. அந்தக் கஸ்டமரு பெல்ட்டு போடறாருங்களான்னு கேப்பாரு. தெனமும் போடறாருங்க மாப்ளன்னு சொல்லுவேன். கஸ்டமரு மக நல்லா இருக்குதான்னு கேப்பாரு. நல்லா இருக்குதும்பேன். அப்படி ஒரு கஸ்டமரே இல்லைங்கற சூட்சுமம், அத்தனை படிச்ச மனுசனுக்கு இன்னைவரைக்கும் பிடிபடல. ஏமாத்தறமேன்னு எனக்குத்தான் மனசு உறுத்தும்.

புரட்டாசியில மகளுக்குக் கொழந்தை பொறந்துது. சுகப் பிரசவம். ஆஸ்பத்திரி வராண்டாவுல நர்ஸம்மா துணியில சுத்தி மாப்ள கையில குடுத்தாங்க. அவரு கொண்டு வந்து என் கையில குடுத்தாரு. பேத்தி. இத்தனூண்டு. மூக்கு மட்டும் சம்பூர்ணத்துது.

மாப்ள என் தோள் மேல கையை வெச்சுக்கிட்டு, “மாமா, அந்தக் கஸ்டமருக்கு என்ன கொழந்தைங்க?”ன்னாரு.

அந்த நேரத்துலயும் பாருங்க! நான் சமாளிச்சுட்டேன். “அவருக்கும் பேத்திதாங்க மாப்ள. ஒரு ஒத்துமைதான்.”

அவரு சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. சம்பூர்ணமும் சேந்து சிரிச்சா. எதுக்குன்னு எனக்கு இன்னும் தெரியலைங்க. மக பொறந்த சந்தோஷமா இருக்கும்.